ஊரே தேடிய நீல வண்டி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த வீட்டுப் புளுகு இருபத்திரண்டு நாள் தாங்கிவிட்டது. வாயால் மட்டும் சொன்ன புளுகாக இருந்தால் என்றைக்கோ சாயம் வெளுத்திருக்கும். இது படத்தோடு சொன்ன புளுகு.

எல்லாம் அப்பாவின் கண்ணில் தொடங்கியது. நேராக இருப்பது அவருக்கு ஊசி முனை வரை தெரியும். பக்கவாட்டில் யானையே வந்தாலும் தெரியாது. இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, நாற்பது வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன், அந்த டாக்டரே தன்னிடம் கற்றுக்கொண்டவர்தான் என்று பதில் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரமே ஒரு சைக்கிள்காரரின் கைப்பிடியை உரசினார். உரசியதுகூடத் தெரியாமல் விசிலடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். கதவில் இருந்த கீறலை முதலில் பார்த்தவள் மகள், வீட்டுக்கு இளையவள்.

அன்றைக்கே அம்மா, அண்ணன், இளையவள் மூவரும் சமையலறையில் குசுகுசுவென்று கூடிப் பேசினார்கள். அந்தப் பழைய சந்தன நிற வண்டிக்கு நீலம் அடிக்க வேண்டும் என்பது அப்பாவின் பல வருஷ ஆசை. பட்டறையில் பெயின்ட் அடிக்க விட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வண்டியை அண்ணனுடைய மச்சானின் மர டிப்போவில் மறைத்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான். ஆனால் இளையவள் கையில் அதற்கும் ஒரு வித்தை இருந்தது.

அவளுக்கு வேலையே வண்டிப் பெயின்ட் பட்டறையின் கண்ணாடி அறையில்தான். வாடிக்கையாளரின் வண்டியைப் படம் எடுத்து, சிவப்பு அடித்தால் இப்படி, பச்சை அடித்தால் இப்படி என்று கம்ப்யூட்டரில் மாற்றிக் காட்டுவாள். அப்பாவின் வண்டி டிப்போவுக்குப் போகும் வழியில் ஒரு நாள் பட்டறையில் நின்றது. சுற்றிச் சுற்றி நாற்பது படம் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு டயர், விளக்கு, கண்ணாடி இவற்றை விட்டுவிட்டு உடம்பை மட்டும் ஓரம் கட்டிப் பிரித்தாள். சிவப்பை நீலமாக்குவது பெரிய வேலை இல்லை. வெளிர் நிறத்தைக் கருநீலமாக்குவதுதான் பாடு. வெளிச்சத்தை இறக்க வேண்டும், நிழலை இறுக்க வேண்டும், மினுமினுப்பு மட்டும் அப்படியே நிற்க வேண்டும். முதலில் பானெட் மட்டும் நீலம், பிறகு இரண்டு கதவு, பிறகு முழு வண்டி என்று மூன்று நாளைக்கு ஒரு படமாக அப்பாவின் போனுக்கு அனுப்பினாள்.

ஒவ்வொரு படத்துக்கும் அப்பா ஒரே பதில்தான் எழுதினார். "நல்லா வருது குட்டி."

அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. குறுகுறுத்தாலும் அடுத்த படம் போய்க்கொண்டுதான் இருந்தது.

இன்று காலை பத்தேகாலுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தபோது, யாரோ ஒருவருடைய வேனுக்கு அவள் ஆரஞ்சு பூசிக்கொண்டிருந்தாள்.

"உடனே வீட்டுக்கு வா. அப்பாவைக் காணோம். வண்டியையும் காணோம்."

மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்க்கும் அண்ணன் எதையும் பாதி சத்தத்தில்தான் சொல்வான். இன்று அவன் குரல் உடைந்திருந்தது. வேன் பாதி ஆரஞ்சும் பாதி வெள்ளையுமாகத் திரையில் நிற்க, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டில் அண்ணன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். தினமும் போல எட்டிப் பார்க்க வந்திருக்கிறான், வீடு பூட்டியிருந்திருக்கிறது. அம்மா பல் டாக்டரிடம் போவதாக நேற்றே சொல்லியிருந்தாள். அப்பா எங்கே? சந்தேகப்பட்டு டிப்போவுக்குப் போன் செய்தால், காவல்காரர் சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்: மாஸ்டர் காலையில் வந்தார், சாவி அவரிடமே இருந்தது, வண்டி போய்விட்டது. அந்தக் காவல்காரரும் ஒரு காலத்தில் அப்பாவிடம் வண்டி கற்றவர்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம்.

"டிப்போல இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னது?" அண்ணன் அவளையே பார்த்தான். "நீதானே அவருக்குச் செல்லம்."

"நான் சொல்லல. நீ சொல்லியிருப்ப, உன் மச்சான் சொல்லியிருப்பான்."

"அப்போ அம்மாவா?"

இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி அதை ஒதுக்கினார்கள். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். அதுவுமில்லாமல் அம்மாவுக்கும் வண்டிக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் அப்பா அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாராம். முதல் நாளே அவர் போட்ட கத்தலில் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். ஊரில் பாதிக்குக் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்காரிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்றே தெரியாது என்பது அந்த வீட்டின் நிரந்தர நகைச்சுவை.

அம்மாவின் போனும் அணைந்திருந்தது. பல் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பாள், இப்போதைக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் இருக்கிற நிலைமைக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள். இரண்டு வாரமாக அவளுக்கு முழங்கால் வலி வேறு. உட்கார்ந்த இடத்தில் பாதத்தை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் இளையவள்தான் தைலம் வாங்கிக் கொடுத்தாள். அப்படியும் விடாமல் தினமும் விடிந்ததும் அப்பாவோடு நடைப்பயிற்சிக்குப் போய்வந்தாள்.

அப்பாவுக்குப் போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை. வண்டியில் ஏறினால் போன் செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொள் என்பது அவருடைய முதல் பாடம். இரண்டாவது பாடம், கண்ணாடியைப் பார். கிளம்பும் முன் கண்ணாடியைப் பார், திரும்பும் முன் பார், நிறுத்தும் முன் பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டை இரண்டு விரலால் தட்டித் தட்டி அதைச் சொல்வார். அந்த சீட்டின் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளச்சும் இருந்தன.

"குரூப்ல போட்டுட்டேன்" என்றான் அண்ணன். "இருநூறு பேர் தேடுறாங்க. கண்டுபிடிச்சிருவாங்க."

'மாஸ்டர் பசங்க' என்பது அப்பாவிடம் வண்டி கற்றவர்களின் வாட்ஸப் குரூப். லாரி ஓட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் அம்மாக்கள் எல்லோரும் அதில் உண்டு. ஊருக்குள் ஒரு வண்டியைக் கண்டுபிடிக்க போலீஸை விட அவர்கள் வேகம். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அதற்குள் அண்ணனின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு வெட்டினான். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினான்.

"யாரு?"

"ஆபீஸ்."

அவள் தன் போனில் குரூப்பைத் திறந்தாள். செய்திகள் குவிந்திருந்தன. பாலத்தருகே ஒரு நீல வண்டி, ஆனால் அது இல்லை. பெட்ரோல் பங்கில் ஒரு நீல வண்டி, அதுவும் இல்லை. ஆம்புலன்ஸ்காரர் வங்கி வாசலில் ஒரு நீல வண்டியை மறித்து, உள்ளே இருந்த பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில் ஒருத்தர், 'மாஸ்டர் புது பெயின்ட்டா, கலக்குது' என்று கட்டைவிரலை வேறு உயர்த்தியிருந்தார்.

அவள் விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. அண்ணன் போட்ட செய்தி வந்தது. அப்பாவைக் காணவில்லை, பார்வை குறைவு, வண்டியைப் பார்த்தவர்கள் உடனே அழைக்கவும். நம்பரும் எழுதியிருந்தான். கூடவே ஒரு படம்.

கடைசியாக அவள் முடித்த படம். முழு வண்டியும் பளபளவென்று கருநீலம்.

"அண்ணா." அவள் போனை அவன் முன்னால் நீட்டினாள். "எந்தப் படத்தைப் போட்டிருக்க பாரு."

அவன் பார்த்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை. இருபத்திரண்டு நாளில் அவனுக்கே அது நீல வண்டியாகிவிட்டிருந்தது. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

ஊரே இல்லாத ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தது. நம்பரை யார் நின்று படிக்கிறார்கள்? ஓடுகிற வண்டியில் கண்ணில் முதலில் படுவது நிறம். அப்பா அவர்கள் எல்லோர் மூக்குக்கும் முன்னால் போனாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போகிற வழியில் பக்கவாட்டிலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்தால் அப்பாவுக்கும் தெரியாது.

சரியான படத்தைப் போட்டுத் திருத்திவிடலாம் என்று அவள் சொன்னதும் அண்ணன் அவள் கையைப் பிடித்தான்.

"போடாதே. அப்பா அந்த குரூப்ல இருக்காரு. நாம ஏமாத்துனத இருநூறு பேர் முன்னால படிச்சா எல்லாம் முடிஞ்சுது. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லலாம்."

இருபது நிமிஷம் அதைச் செய்தார்கள். ஆளுக்கு ஏழெட்டு பேர் கிடைத்தார்கள். ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் அப்பாவின் மாணவர்கள், வண்டியில் ஏறினால் போன் செத்துப்போகிறவர்கள். குரூப் செய்தி என்றால் வண்டியை நிறுத்தும்போது பார்ப்பார்கள்.

இளையவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. அண்ணன் பொய் சொல்வான் என்று அப்பாவுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டவன். அம்மா சமாதானத்துக்காகச் சொல்வாள் என்றும் தெரியும். இவள் ஒருத்தி சொன்னால் அது அப்படித்தான் என்று நம்பியதால்தான் மூவரில் இவளிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது இருநூறு பேர் முன்னால் கழற்றி வைக்க வேண்டும்.

"யார்கிட்ட மறைக்கிறோம் அண்ணா? வண்டியப் பாத்தப்பவே நீலம் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் உயிரோட வந்தாத்தானே கோவப்படுவாரு."

அவன் கையை விட்டான். அவள் எழுதினாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

'வண்டி நீலம் இல்லை. பழைய சந்தன நிறம்தான். பெயின்ட் அடிக்கவே இல்லை. அப்பா வண்டி எடுக்கக் கூடாது என்பதற்காக நான்தான் படத்தில் நிறத்தை மாற்றி அவரை ஏமாற்றினேன். தயவுசெய்து சந்தன நிற வண்டியைத் தேடுங்கள். மாஸ்டர் மகள்.'

கூடவே பட்டறையில் எடுத்த பழைய படத்தையும் வைத்து அனுப்பினாள்.

யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலை மட்டும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. அப்பாவின் பெயர் இல்லை.

பிறகு போன் வந்தது. மினி லாரியில் தக்காளி ஏற்றுகிறவர், குரூப்பில் எல்லோருக்கும் அவர் தக்காளிதான்.

"பாப்பா, நான் பாத்தேன். முக்கால் மணி நேரம் முன்னாடி ரயில்வே கேட்ல எனக்கு நேர் முன்னாடி நின்னுச்சு. அதுக்கும் முன்னாடி ஒரு நீல வண்டி தெரிஞ்சுது, அத விரட்டணும்னு நான்தான் ஹார்ன் அடிச்சு இத ஒதுங்கச் சொன்னேன்."

"அப்பா நல்லா இருந்தாரா? எப்படி ஓட்டுனாரு?"

"அவரு ஓட்டலையே. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல. எல் போர்டு மாட்டியிருந்துச்சு. ஓட்டுனது ஒரு அம்மா. நான் அவ்வளவு ஹார்ன் அடிச்சும் பதறல, கண்ணாடியப் பாத்துட்டு நிதானமா ஒதுங்குனாங்க. பக்கத்து சீட்ல ஒருத்தர் தொப்பி போட்டுட்டு, டாஷ்போர்டத் தட்டிட்டே இருந்தாரு."

இளையவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். கண் முன்னால் அம்மாவின் பாதம் வந்தது. டிவி முன்னால் உட்கார்ந்து, தரையை மெல்ல அழுத்தி, மெல்ல விட்டு, மறுபடி அழுத்தி. அது முழங்கால் வலி இல்லை. கிளச். அதற்குப் போய்த் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டாள். அப்படி யாரும் இன்று வரவில்லை, நேரமும் வாங்கவில்லை என்றார்கள். காவல்காரரிடம் மறுபடி கேட்டதற்கு, ரெண்டு வாரமா தினமும் காலையில ரெண்டு பேரும் வருவாங்களே, மரம் இறக்குற மைதானத்துல சுத்துவாங்க, நீங்க கேக்கல, நான் சொல்லல என்றார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கு வந்தது அழுகைதான். அம்மா மனசு கேட்காமல் சொல்லியிருக்கிறாள். சரி. ஆனால் அப்பா ஏன் கோபப்படவில்லை? இரண்டு வாரமாக எல்லாம் தெரிந்துகொண்டே எதற்காக நல்லா வருது, நல்லா வருது என்று எழுதிக்கொண்டிருந்தார்?

போன் சிணுங்கியது. குரூப்பில் அப்பா.

அப்படியென்றால் வண்டி நிற்கிறது. முதலில் அவளுக்குத் தோன்றியது அதுதான்.

அப்பா எழுதியிருக்கவில்லை. ஒரு படம் அனுப்பியிருந்தார். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி, அதற்குள் அம்மாவின் முகம். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது.

'மொத படத்துலயே கண்ணாடி பாக்க மறந்துட்ட குட்டி.'

அவள் தான் அனுப்பிய முதல் படத்தைத் திறந்தாள். பானெட் நீலம், அவர் மெச்சிய நீலம். இரண்டு விரலால் பெரிதாக்கி ஓரத்துக்குப் போனாள். பழைய மாடல் வண்டி என்பதால் பானெட்டின் முன் ஓரத்தில் மாட்டியிருந்த பக்கவாட்டுக் கண்ணாடியை அவள் தொடவில்லை, டயர் மாதிரி, விளக்கு மாதிரி அதையும் ஒதுக்கிவிட்டிருந்தாள். அந்தக் கண்ணாடிக்குள் இரண்டு கதவும் தெரிந்தன, அது சரி, அவை அப்போது இன்னும் பெயின்ட் ஆகாதவை. அடுத்த படத்துக்குப் போனாள். கதவெல்லாம் நீலம். கண்ணாடிக்குள் அதே கதவுகள் சந்தன நிறம். அதற்கடுத்ததிலும் சந்தன நிறம். ஊரே கொண்டாடிய கடைசிப் படத்திலும்.

ஆனால் அவர் முதல் படம் என்கிறாரே? மறுபடி அதையே பார்த்தாள். கண்ணாடியின் உள்விளிம்பில் பானெட்டின் ஒரு துண்டு, நகக்கண் அளவு. அதுவும் சந்தன நிறம்.

பக்கவாட்டில் எதுவும் தெரியாத மனுஷன், நேராக நீட்டிய போனில் எதை முதலில் பார்ப்பார்? நாற்பது வருஷமாக எதைப் பார்த்தாரோ அதைத்தான். பார்த்த அன்றே தெரிந்திருக்கிறது. ஒரு காபி குடித்தால்கூட குரூப்பில் படம் போடுகிறவர், தன் ஆசை வண்டியின் படத்தை ஒரு தடவைகூட அங்கே போடவில்லை. மகள் பொய்க்காரி என்று ஊர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அதை இன்று அண்ணன் போட்டான், மீதியை அவளே எழுதினாள்.

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க மறந்தே போனாள்.

மேஜை மேல் இருந்த அண்ணனின் போன் மறுபடி அடித்தது. அவன் முகம் கழுவப் போயிருந்தான். வெட்டிக்கொண்டே இருந்தானே, ஆபீஸ்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆபீஸ் இல்லை. திரையில் 'பார்ட்னர்' என்று இருந்தது.

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் பெயரை உச்சரிக்காத மனிதர். அப்பாவோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பாதி வண்டிகளையும் பாதி மாணவர்களையும் இழுத்துக்கொண்டு போய் எதிர் வரிசையிலேயே கடை திறந்தவர். அவர் எதற்கு அண்ணனைக் காலையிலிருந்து கூப்பிடுகிறார்?

அவள் எடுத்தாள். ஹலோ என்று சொல்லும் முன்பே அவர் பேசினார்.

"தம்பி, எத்தன தடவ கூப்பிடுறது? உங்க அப்பா வண்டி என் கடை வாசல்ல வந்து நிக்குது. அவரு வண்டிய விட்டு இறங்கல. உங்க அம்மாதான் உள்ள வந்தாங்க. போன மாசம் எங்கிட்ட காசு வாங்கிட்டு அந்த வண்டிய என் பேருக்கு மாத்தி ஒரு பேப்பர் கொடுத்தியே, அதுல அப்பா கையெழுத்து எப்படி வந்துச்சு, காட்டுங்கன்னு கேக்குறாங்க. நான் அவரு போட்டதுன்னுதானே நெனச்சேன். காட்டட்டுமா?"

அண்ணன் ஈர முகத்தோடு கதவருகே நின்றான். அவள் கையில் எந்தப் போன் என்று பார்த்தான். அவன் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். சின்ன வயதில் மதிப்பெண் அட்டையோடு அவளிடம் மாட்டிக்கொண்ட அன்றும் இப்படித்தான் ஆட்டினான். அன்றைக்கு அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

"காட்டுங்க" என்றாள் இளையவள்.